உஷார்! வாய் கோணினால் பலூன் ஊதாதீர்கள்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக வழிகிறதா? ஒரு கண் மூட மறுக்கிறதா? சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுக்கிறதா? உஷார்!

'காத்து அடிச்சிடுச்சு' என்று மந்திரிக்க அழைப்பார் ஒருவர். புறா ரத்தம் தடவச் சொல்வார் இன்னொருவர். பலூன் ஊதச் சொல்வார் மூன்றாமவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளியோ, 'தறியில இருக்கிற சேலையை அறுத்துக் கொடுத்துட்டுப் போய்க்கலாம்' என்று தறிக்குழியில் காலை இறக்கிவிடுவார். ஒரு பட்டுச்சேலை முடியப் பல நாள் ஆகும். முகவாதம் என்ற இந்த நோய்க்கு மாத்திரை தொடங்க வேண்டியதோ முதல் 72 மணி நேரத்துக்குள்!

முதலில் ஒன்றைப் பாருங்கள். முகக்கோணலோடு கை, கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முகவாதத்தில் பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியைச் சுருக்க முடியாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் முடியும். ஆனால், அதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு, காதுக்குப் பின்னால் ஒரு குறுகலான எலும்புக் குழாய் வழியே முகத்துக்கு வருகிறது. அங்கே அது வீங்கி நசுங்குவதுதான் 'பெல்ஸ் பால்ஸி' எனும் முகவாதம். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் மாத்திரை சாப்பிடத் தொடங்கியவர்களில் 100-க்கு 94 பேர் 9 மாதத்தில் முழுக்கக் குணமானார்கள். அது கிடைக்காதவர்களில் 82 பேர். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை இருந்தால் இந்த மாத்திரை அதை ஏற்றிவிடும். காதில் கொப்புளமோ கடும் வலியோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது வைத்தியம் மாறலாம்.

அடுத்து கண். மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வரலாம். சேலையின் உடலோடு கரையை இணைக்கும் கோர்வைக்கு இழை இழையாகப் பார்க்கும் நெசவாளிக்குக் கண் போனால் தொழிலே போச்சு! பகலில் மருத்துவர் தரும் சொட்டு மருந்தும் கண்ணாடியும், இரவில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டும் பிளாஸ்டரும் கட்டாயம். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படக் கூடாது. கண் சிவந்தால், வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது பயிற்சி. பலூன் ஊதுவதும், சூயிங் கம்மை மென்றுகொண்டே இருப்பதும், முழு பலத்தோடு முகத்தை இழுப்பதும் வேண்டாம் என்கிறார்கள் முகப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள். நரம்பு திரும்ப வளரும்போது இழைகள் தடம் மாறலாம். அப்படி ஆனால் சிரிக்கும்போது கண் தானாகச் சுருங்கும், சாப்பிடும்போது கண்ணீர் வடியும். முரட்டுப் பயிற்சி இந்தத் தவறான இணைப்பையே பழக்கிவிடும் என்பதுதான் அவர்கள் அச்சம்.

அசைவே இல்லாத முதல் வாரங்களில் தாடையிலிருந்து காது நோக்கி மெதுவாக நீவிவிட்டால் போதும். அசைவு தெரிந்ததும் கண்ணாடி முன் உட்காருங்கள். புருவத்தைத் துளி உயர்த்துங்கள். மூக்கைச் சுருக்குங்கள். உதட்டை 'உ', 'ஈ' என்று குவித்து விரியுங்கள். ஒவ்வொன்றும் மிக மெதுவாக, சில தடவைதான். நல்ல பக்கம் முந்தினால் விரலால் பிடித்து நிறுத்துங்கள். வாய் அசையும்போது கண் சுருங்கினால், அசைவை இன்னும் சின்னதாக்குங்கள்.

'கரண்ட் வெச்சா சரியாயிடும்' என்று பணத்தைக் கொட்டாதீர்கள். 2011-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மின்தூண்டலால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே சொன்னது. நிதானமான, ஆளுக்கேற்ற முகப்பயிற்சிக்குத்தான், குறிப்பாக நாள்பட்ட கோணலில், ஓரளவு சான்று கிடைத்தது.

முகம் கோணிய அன்றே காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நடமாட முடியாத பெரியவர்கள், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கேட்கலாம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் அசைவு திரும்பத் தொடங்கும். 3 மாதமாகியும் முழுதாகத் தேறவில்லையா? நரம்பியல் அல்லது காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் மறுபடி காட்டியே தீர வேண்டும். 'இனி இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்!