மலைச் சாலையும் விளைபொருளும்

2024 செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு புளோரிடாக் கரையைக் கடந்த ஹெலீன் புயல், மறுநாள் கடலினின்றும் நெடுந்தொலைவிலுள்ள வட கரோலினாவின் மேற்கு மலை ஜில்லாக்களைச் சூறையாடியது. புயலுக்கு முன்னரே பெய்த மழையால் மண் ஊறிக் கிடந்தது. பியூசிக் என்ற இடத்தில் சில நாட்களில் 30 அங்குலத்திற்கு மேல் மழை! ஆஷ்வில் நகரில் பிரெஞ்சு பிராடு ஆறு, 1916-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும் விஞ்சிற்று.

மலைநாட்டில் சாலைக்கு ஆற்றோரமே பெரும்பாலும் இடமாகிறது. பிஜன் ஆற்று வெள்ளம் கரையின் அடியை அரித்ததால், 40-ஆம் எண் பெருஞ்சாலையின் கிழக்கு நோக்கிய பகுதி பல இடங்களில் சரிந்து ஆற்றில் வீழ்ந்தது. 2025 மார்ச் 1-ஆம் தேதிதான், அதுவும் போக ஒன்று, வர ஒன்று என்ற அளவில், அது திறக்கப்பட்டது. மோட்டார் மலிந்த அந்நாட்டிலும், வண்டி புகாத ஊர்களுக்குக் கோவேறு கழுதைகளே பொதி சுமந்தன!

சரக்கறை உறுதியாயிருந்தால் போதும் என்று கருதும் அங்கத்தினர்கள் இதை ஊன்றி நோக்க வேண்டுகிறோம். அம்மலைகளில் கிறிஸ்துமஸுக்கென வளர்க்கப்படும் ‘பிரேசர் பர்’ மரம் பெரிய வருவாய்ப் பயிர். அது விற்பனைக்கு ஏற்ற உயரம் பெறப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். விற்கும் காலமோ ஓரிரு மாதங்களே. மரம் சரிவில் நின்றும் லாரி ஏற வழியில்லையெனில் பயிரிட்டவர் யாது செய்வார்? ஆஷ்வில் ஆற்றங்கரையில் தொழிற்கூடம் வைத்திருந்த கைவினைஞர் பலர் கருவியையும் சரக்கையும் ஒருங்கே இழந்தனர். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. தனிப் பத்திரம் பெற்றிருந்தோர் அங்கு மிகச் சிலரே.

அப்பகுதியில் அங்கத்தினர்களுக்கே சொந்தமான மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. பிற மாநிலச் சங்கங்கள் தம் மின்பணியாளரை அனுப்பி உதவின. வந்தவர்கள் கம்பம் நடுமுன், பல இடங்களில் பாதையைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.