கருவில் மூளைக் குறைபாடு: சட்டம் தளர்ந்தது, காலம் காத்திருப்பதில்லை

புது தில்லி: மும்பை வட்டாரத்தைச் சேர்ந்த இரு கர்ப்பிணிகள் 2017-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். இருவரின் கருவிலும் மூளை உரியவாறு உருவாகவில்லை. இரு மனுக்களையும் நீதிபதிகள் எஸ்.ஏ. போப்டே, எல். நாகேஸ்வர ராவ் அமர்வே விசாரித்தது.

முதல் வழக்கில் கருவுக்கு மண்டையோடே உருவாகவில்லை. தாயின் உயிருக்கும் ஆபத்து என கே.இ.எம். மருத்துவமனைக் குழு கூறியதால், 24-வது வாரத்தில் கருக்கலைப்புக்கு அனுமதி கிடைத்தது. இரண்டாவது வழக்கில் இருந்தது "அர்னால்டு-கியாரி" குறைபாடு. சிறுமூளையின் அடிப்பகுதி முதுகுத்தண்டுக் கால்வாய்க்குள் இறங்கிவிடும் நிலை இது. மூளையில் நீர் கோக்கலாம். விழுங்குவதும் மூச்சு விடுவதும் தடைபடலாம். ஆயினும் குழந்தை உயிருடன் பிறக்கக்கூடும், தாய்க்கு ஆபத்தில்லை என்ற மருத்துவர்களின் கருத்தை ஏற்று, 27 வாரக் கருவைக் கலைக்க நீதிமன்றம் மறுத்தது.

அன்று நடைமுறையில் இருந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 20 வாரங்களையே உச்சவரம்பாக வைத்திருந்தது. இத்தகைய குறைபாடுகள் பலவும் வெளிப்படும் ஸ்கேன் பரிசோதனையோ 18 முதல் 20 வாரங்களில்தான் செய்யப்படுகிறது. இந்த முரண்பாட்டைக் களையும் திருத்த மசோதா மக்களவையில் 2020 மார்ச்சிலும், மாநிலங்களவையில் 2021 மார்ச்சிலும் நிறைவேறியது. தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய எதிர்க்கட்சிகளின் வாதம் எடுபடவில்லை. கடுமையான கருக் குறைபாட்டை மருத்துவக் குழு உறுதி செய்தால் இப்போது கால வரம்பு இல்லை. குழு 3 நாள்களுக்குள் கருத்துத் தெரிவிக்க வேண்டும். ஆனால் "கடுமையான குறைபாடு" எது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை.

அதன் விளைவு 2023 ஜனவரியில் தெரிந்தது. மூளை வளர்ச்சி குன்றிய 33 வாரக் கரு தொடர்பான வழக்கில், மருத்துவக் குழு மறுத்ததை மும்பை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே உரியது என்று அது தீர்ப்பளித்தது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தாலும் வழக்குரைஞரை அமர்த்த இயலாது. அவர்களுக்குக் கைகொடுப்பது வருமுன் காப்பதே. கருவின் நரம்புக் குழாய் 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. பலருக்குக் கர்ப்பமே தெரியாத காலம் அது. கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொண்டால், நரம்புக் குழாய்க் குறைபாடுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். மலிவான அந்த மாத்திரை கர்ப்பம் உறுதியான பிறகே பெண்களின் கைக்கு வருமானால், திருத்திய சட்டமும் தாமதமாக வந்த ஆறுதலாகவே நிற்கும்.