மலை கரைந்த நிறம்

கையில் அள்ளினால் அந்த நீருக்கு நிறமே இல்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் போலத்தான் விரலிடுக்கில் வழிகிறது. நிமிர்ந்து பார்த்தால் அதே நீர், குளம் முழுக்க மயில்கழுத்து நிறத்தில் கிடக்கிறது. அப்படியானால் நிறம் எங்கே இருக்கிறது?

குளத்தின் பெயர் பிஷாமோன். ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில், பண்டாய் எரிமலைக்கு வடக்கே இருக்கிறது. ஃபுகுஷிமா என்றதும் 2011இன் அணு உலை விபத்து நினைவுக்கு வரும். அந்தக் கடற்கரையிலிருந்து மேற்கே வெகுதூரம், மலைகளைத் தாண்டி உள்ளே வரவேண்டும். இங்கே தொடங்கும் மண்பாதை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளம். ஏற்ற இறக்கம் குறைவு. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் மறுமுனையான ஹிபாரா ஏரிப் பக்கம் போய்விடலாம். கரடிகள் உலவும் காடு என்பதால் நடப்பவர்கள் பையில் சிறு மணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். வழிநெடுகக் குளங்கள். ஒன்றின் நிறம் மற்றொன்றுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கோஷிகினுமா' என்று பெயர். ஐந்நிறக் குளங்கள் என்று பொருள். ஐந்து என்பது கணக்கு அல்ல. பெரிதும் சிறிதுமாகக் குளங்கள் அதைவிட மிகுதி, நிறங்களும் அப்படியே.

பெயர்களைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் நெருக்கம் தோன்றும். பிஷாமோன் என்பது வைஸ்ரவணன், அதாவது நம் குபேரன். வழியில் வரும் பென்டென் குளத்தின் பெயரில் இருப்பவள் சரஸ்வதி. ருரி குளத்தின் 'ருரி', நாம் வைடூரியம் என்று சொல்லும் அதே வடசொல் பௌத்தத்தோடு சீனம் போய், அங்கிருந்து ஜப்பானை அடைந்து உருமாறிய வடிவம். ஜப்பானியர் அந்தச் சொல்லால் குறிப்பது ஆழ்ந்த நீலக் கல்லை.

தெற்கிலிருந்து, இனவாஷிரோ ஏரிப் பக்கமாகப் பார்த்தால் பண்டாய் அழகான கூம்பு மலை. 1,816 மீட்டர் உயரம். ஐசு என்ற இந்த வட்டாரத்தின் ஃபூஜி என்று அந்தப் பக்கத்து மக்கள் பெருமையோடு சொல்கிறார்கள். வடக்கே சுற்றி வந்தால் வேறு மலை. பாதி மலையைக் காணோம். குதிரை லாட வடிவில் ஒரு பெரும் பள்ளம், செங்குத்துச் சுவர்களோடு வாய் பிளந்து நிற்கிறது. அந்த இடத்தில் கோபண்டாய், அதாவது சின்ன பண்டாய் என்ற சிகரம் இருந்தது.

1888 ஜூலை 15, காலை எட்டு மணிக்குச் சற்று முன். நில அதிர்வுகளைத் தொடர்ந்து மலை வெடித்தது. சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் பதினைந்து, இருபது முழக்கங்கள் கேட்டதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். கோபண்டாய் வடக்கு நோக்கிச் சரிந்தது. எரிமலை என்றதும் நாம் நினைக்கும் நெருப்புக் குழம்பு அன்று வரவே இல்லை. வெடித்தது நீராவி. மலைக்குள் இருந்த வெந்நீரும் அமில ஆவியும் நெடுங்காலமாகப் பாறையை ஊறவைத்துக் களிமண்ணாக மாற்றியிருந்தன. வெளியே சிகரம், உள்ளே பொதபொதத்த சேறு. அடைபட்ட நீராவி உந்தியதும் அந்த இளகிய உடம்பு நிற்கவில்லை. பாறையும் மண்ணும் ஒரு கன கிலோமீட்டருக்கும் அதிகமாக, பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு ஓடின. கிராமங்கள் புதைந்தன. 450 பேருக்கு மேல் இறந்தார்கள். விடிந்து, அன்றைய வேலையைத் தொடங்கியிருந்த மனிதர்கள்.

பிஷாமோன் பக்கத்து நுழைவாயிலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அவசரமாகக் குளத்தைப் பார்க்க ஓடுகிறவர்கள் அதன் முன் ஒரு நிமிடம் நிற்கவேண்டும் என்பேன். போரில் காயம்பட்டவர்களுக்கு உதவவென்று உருவான ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம், போர் இல்லாத காலத்தில் முதன்முதலாக மருத்துவர்களை அனுப்பியது இந்த மக்களுக்காகத்தான் என்பதன் நினைவு அது. அந்த உதவிக்குப் பேரரசி ஷோகென் தூண்டுதலாக இருந்தார்.

டோக்கியோவிலிருந்து அறிவியலாளர்களும் வந்தார்கள். நிலநடுக்கவியல் பேராசிரியர் செகியா செய்கெய், நிலவியலாளர் கிகுச்சி யசுஷி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1889இல் வெளியானது. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் வடபுறம் சரிந்தபோது, உலகம் மறுபடி பண்டாயை நினைத்துக்கொண்டது. எரிமலை மேல்நோக்கி மட்டுமே வெடிக்கும் என்பதில்லை, ஒரு பக்கமாக இடிந்தும் விழும் என்பதற்கு ஏற்கெனவே எழுதி வைத்த சாட்சி இருந்தது.

சரிந்த மலை சமமாகப் பரவவில்லை. பெரும் துண்டங்கள் துண்டங்களாகவே உருண்டு வந்து ஆங்காங்கே மேடுகளாக நின்றன. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளம். பள்ளங்களில் ஊற்று நீர் தேங்கியது. நாம் நடக்கும் பாதை இந்த மேடுகளின் இடுக்கில்தான் வளைந்து போகிறது. காலடியில் இருப்பது கோபண்டாயின் உடல். பள்ளத்தாக்கில் ஓடிய ஆற்றையும் அதன் கிளைகளையும் சரிவு மறித்ததில் ஹிபாரா, ஒனோகாவா, அகிமோட்டோ என்ற மூன்று பெரிய ஏரிகள் பிறந்தன. கோஷிகினுமா அவற்றின் சின்னத் தங்கைகள்.

இனி நிறத்துக்கு வருவோம். எரிமலை வாய்க்குள் இன்றும் ஒரு குளம் இருக்கிறது. பெயர் அகானுமா. 'செம்பு' என்ற எழுத்தால் அதை எழுதுகிறார்கள். அமிலம் மிகுந்த அந்தப் பகுதி நீர், கந்தகச் சேர்மங்களோடு பாறையின் அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு, சரிவு மண்ணுக்கு அடியில் வடக்கே கசிகிறது. வழியில் அமிலமில்லாத சாதாரண நிலத்தடி நீரைச் சந்திக்கிறது. சந்திப்பில் அமிலம் தணிகிறது. அமிலம் தணிந்த நீரால் அலுமினியத்தைக் கரைத்து வைத்திருக்க முடியாது.

இது நம் வீட்டிலும் நடப்பதுதான். ஆற்றுநீர் கலங்கலாக வந்தால் குடத்தில் படிகாரத்தை நாலு சுற்று சுற்றுவார்கள். படிகாரத்தின் அலுமினியம் நீரில் வெண்திரளாகப் பிரிந்து, சேற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். கோஷிகினுமாவில் அந்த அலுமினியம், நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவோடு கைகோத்துக்கொள்கிறது. பிறப்பது அலோஃபேன் என்ற கனிமம். அதன் தனித்துகள் நாலைந்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு லட்சம் துகள்களை வரிசையாக அடுக்கலாம். இவை சிறு சிறு திரள்களாக நீரில் மிதக்கின்றன, எளிதில் அடியில் படிவதில்லை. வெயில் குளத்தில் விழும்போது நீல ஒளியை இவை மற்ற நிறங்களைவிட மிகுதியாகச் சிதறடிக்கின்றன. நீரோ தன் இயல்பில் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். மிஞ்சி நம் கண்ணுக்குத் திரும்புவது நீலமும் பச்சையும். ஒரு கை நீரில் ஒளி விரற்கடை தூரம்தான் போகிறது. சிதறல் தெரிய அது போதாது. குளத்தின் ஆழம் வேண்டும்.

அலோஃபேன் என்ற கிரேக்கப் பெயருக்கு 'வேறாகத் தோன்றுவது' என்று பொருள். இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

எவ்வளவு அமிலநீர், எவ்வளவு ஊற்றுநீர் என்ற கலவை குளத்துக்குக் குளம் மாறுகிறது. அதனால்தான் இத்தனை நிறம். இரண்டாவதாக வரும் சின்னக் குளத்துக்கும் அகானுமா என்றே பெயர். ஒலி ஒன்று, எழுத்து வேறு. இது 'சிவப்பு'க் குளம். நீர் பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. கரையில் நாணல்களின் அடித்தண்டைப் பாருங்கள், துருவேறிக் கிடக்கும். அமிலம் தணியும்போது அலுமினியத்துக்கு முன்பே நீரைவிட்டுப் பிரிவது இரும்பு. அது நாணலைப் பற்றிக்கொண்டது. அடுத்த மிடோரோ குளம் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. ஒரே குளத்துக்குள் ஒரு பக்கம் நீலம், நடுவில் மரகதம், ஓரத்தில் செங்காவி. வெவ்வேறு நீர் வந்து சேரும் இடங்களை நிறமே வரைந்து காட்டுகிறது.

பென்டென் அகன்றது, காற்று வந்தால் நிறம் மாறுவதுபோல் தோன்றும். ருரி குளத்தின் கரையிலிருந்து பண்டாயின் பிளந்த வாய் நேராகத் தெரிகிறது. காயமும் நிறமும் ஒரே பார்வையில் அகப்படும் இடம் அது. பக்கத்தில் ஆவோ, 'நீல'க் குளம். சிறியது. அடியில் நீர்ப்பாசி வெண்படிவு போர்த்துக்கிடக்கிறது. அந்த வெண்மைக்கு மேல் நீலம் இன்னும் தெளிகிறது. மறுமுனைக்கு அருகே யானகி, 'வில்லோ மர'க் குளம். மலையின் அமிலநீர் எட்டாத நீர் அதில். நம் ஊர்க் குளம்போல வானத்தையும் மரங்களையும் காட்டிக்கொண்டு அமைதியாக இருக்கிறது. வரிசையில் அதையும் பார்த்த பிறகுதான் மற்றக் குளங்களின் வேதியியல் முழுதாக விளங்கும்.

நிழல் தரும் இந்தக் காடு தானாக வந்ததல்ல. வெடிப்புக்குப் பின் பல ஆண்டுகள் இது மொட்டைக் கற்காடு. 1910 வாக்கில் எண்டோ கென்மு என்பவர் இங்கே மரம் நடத் தொடங்கினார். காட்டியல் அறிஞர் நகாமுரா யரோக்கு வழிகாட்டினார். யரோக்குவின் பெயரில் அருகே ஒரு குளம் உண்டு. நட்டவற்றில் முக்கியமானது ஜப்பானியச் செம்பைன். சத்தில்லாத மண்ணிலும் வேரோடு வாழும் பூஞ்சைகளின் துணையில் அது பிழைத்துக்கொள்ளும், வெட்டவெளி வெயிலை விரும்பும். பைன் தந்த நிழலிலும் சருகிலும் பிறகு அகன்ற இலை மரங்கள் வந்தன. அக்டோபரில் பாதை சிவந்து கிடப்பதற்குக் காரணமான மேப்பிள்களும் அவற்றில் அடக்கம். கென்மு இந்தக் காட்டுக்குள்தான் உறங்குகிறார். மலையிலிருந்து வந்த ஒரு பெரும்பாறையே அவருடைய கல்லறை.

பாதை முடிந்து வெளியே வந்தால் ஹிபாரா ஏரி. படகுகள், பேருந்து நிறுத்தம், காபி. ஏரியின் வடகோடியில் ஹிபாரா என்ற வழிப்பயணிகள் தங்கும் ஊர் இருந்தது. ஆறு மறிக்கப்பட்டபின் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அதை மூடியது. நீர்மட்டம் தாழும் நாட்களில் அங்கே ஊர்க்கோயிலின் தோரண வாயில் வெளியே வருகிறது. மக்கள் ஈரச் சேற்றில் நடந்து அதுவரை போய் வருகிறார்கள்.