கருவண்டும் குளவியும்

கூரைச் சிலாகையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை, அதன் நேர்கீழே மரத்தூள், காதருகே பெரும் இரைச்சல். யாழ்ப்பாணத்து வீட்டில் கருவண்டு குடியேறினால் இப்படித்தான் தெரியவரும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தோட்டத்துக் கொட்டிலில் பம்பிள்பீ கூடு கட்டினால் நம்மவர் பதறுவதும் இதே பதற்றம்தான். பம்பிள்பீ குளிர்நாட்டுப் பூச்சி, இலங்கையில் கிடையாது. உருவத்தாலும் இரைச்சலாலும் இங்கே அதற்கு ஈடு கருவண்டு.

ஆனால் இரைச்சலை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அந்தரத்தில் நின்று ஆளைத் துரத்துவது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே இல்லை. முட்டையிடும் உறுப்புத் திரிந்து உருவானதுதான் கொடுக்கு, ஆகவே தேனீயானாலும் குளவியானாலும் கொட்டுவது பெண் மட்டுமே. பெண் கருவண்டும் கையில் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிக் கொட்டுவது அரிது. மரத்துக்குள் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் தேனில் பிசைந்த மகரந்த உருண்டையையும் ஒரு முட்டையையும் வைத்து மூடுவதே அதன் கவலை. கூட்டைக் காக்கப் படையும் இல்லை.

கருவண்டுக்கு மருந்தடிப்பவர் கத்தரித் தோட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனித் துளை வழியேதான் திறக்கும். வண்டு பூவைக் கவ்விக்கொண்டு பறப்புத் தசைகளை அதிரவிட, மகரந்தம் உதிரும். தேனீக்கு இந்த வித்தை வராது. ஐரோப்பாவில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தக்காளிக் கண்ணாடிவீடுகளுக்குப் பம்பிள்பீயை வளர்த்து விற்பதும் இதற்காகவே.

பனை வட்டிலோ மாங்கொப்பிலோ தொங்கும் குளவிக்கூடு வேறு விடயம். அங்கே படை இருக்கிறது. ஒன்று கொட்டினால் அதன் நஞ்சின் வாசமே மற்றவற்றை அழைக்கும். தேனீ கொடுக்கை இழந்து சாகும், குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். இரவில் சூள் கொளுத்திக் கூட்டை எரிப்பவர்கள் உண்டு. ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. வேறொருவர் கூட்டை அகற்றும்போதும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது நல்லது.

ஒவ்வாமை உள்ளவரின் உயிரைப் பறிக்க ஒரு கொட்டே போதும். பிரான்சின் ஆய்வாளர்கள் ரிஷேயும் போர்ட்டியேயும் 1902இல் இந்த ஒவ்வாமையின் விசித்திரத்தைக் கண்டார்கள்: கடற்சாமந்தியின் நஞ்சை ஒருமுறை தாங்கிய நாய், வாரங்கள் கழித்துச் சிறு அளவைத் தாங்காமல் இறந்தது. முதல் நஞ்சு உடலைப் பழக்கவில்லை, உசுப்பிவிட்டிருந்தது. 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கொட்டிய பின் உடலெங்கும் தடிப்பு, நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் ஒவ்வாமைக் குளிசையை நம்பி இருக்கக்கூடாது. தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். இலங்கையில் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துவிட்டு ஆளைக் கிடத்துங்கள். மூச்சுத் திணறினால் இருத்துங்கள், எழுந்து நடக்கவிட வேண்டாம்.

நஞ்சையே நுண்ணளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊசியேற்றி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அது பலிக்கிறது என்று 1978இல் அமெரிக்கச் சோதனை ஒன்று காட்டியது. அதற்கு எந்தப் பூச்சி கொட்டியது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் குளவி நஞ்சு ஒவ்வாதவருக்குத் தேனீ நஞ்சு ஒத்துப்போகலாம். கொடுக்குத் தோலில் தங்கியிருந்தால் பெரும்பாலும் தேனீ. கரிய வயிற்றின் முன்பாதியில் செம்மஞ்சள் பட்டை தெரிந்தால் குளவி.