இருபத்தைந்தாம் இடம்

சிம்பாங் பூலாய் அரங்கில் ஒரு தாயார் கேட்டார்: "கேமரன் மலை ஏறினால்தான் நமக்குக் குளிரே! இங்கே ஐஸ் ஸ்கேட்டிங் பழகி என்ன ஆகப் போகுது, தம்பி?" நியாயமான கேள்விதான்.

ஜூலியன் யீ 1997இல் பிறந்தவர். நான்கு வயதில் சறுக்கத் தொடங்கியது சன்வே பிரமிட் பேரங்காடிக்குள் இருக்கும் ஐஸ் அரங்கில். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் விழுந்து எழும் அதே தளம்தான்! அதில் என்ன சிரமம் என்கிறீர்களா? இந்த விளையாட்டில் எல்லாத் தாவல்களும் பின்பக்கமாகச் சறுக்கியபடி எழும்புபவை. ஆக்சல் மட்டும் முன்பக்கமாக. அதனால் 'டிரிப்பிள் ஆக்சல்' என்பது மூன்று அல்ல, மூன்றரைச் சுற்று. அதற்கு வேகமெடுக்க நீண்ட தளம் வேண்டும். கூட்டத்துக்கு நடுவே அதற்கு இடம் ஏது?

பிறகு கனடாவில் பயிற்சி. 2017 ஆகஸ்டில், இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்ற கோலாலம்பூர் சீ போட்டியில் தங்கம். அடுத்த மாதம் ஜெர்மனியில் நடந்த தகுதிச் சுற்றில் ஒலிம்பிக் வாய்ப்பு.

2018 பியோங்சாங். மலேசியா கலந்துகொண்ட முதல் குளிர்கால ஒலிம்பிக். கொடி பிடித்தவர் ஜூலியன். முதல் ஆட்டத்தில் 30 பேர். அடுத்த சுற்றுக்கு 24 பேர். இவருக்குக் கிடைத்தது 25ஆம் இடம்! எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

2022இல் பெய்ஜிங் சென்ற மலேசியர் இருவருமே மலைச்சரிவில் சறுக்குபவர்கள். ஐஸ் அரங்கிலிருந்து யாரும் போகவில்லை.