மனச்சுமையும் உடல்நலமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உடல் என்னும் அந்தச் சுவரைப் பேணுவதற்கு நல்ல உணவும், தூய நீரும், உடற்பயிற்சியும், போதிய உறக்கமும் தேவை என்பதை நாம் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால், அந்தச் சுவரை உள்ளிருந்தே அரிக்கும் ஒன்றைப்பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதுதான் மன அழுத்தம்.

"ஒரே டென்ஷனாக இருக்கிறது" என்று நாள்தோறும் சொல்லிக்கொள்கிறோம். தேர்வு நெருங்கும்போது மாணவி சொல்கிறாள். மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைப் பார்க்கும் தாய் சொல்கிறாள். பெரியாறு-வைகைப் பாசனத்தின் கடைமடையில் நிலத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும் தந்தையோ வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. இந்த டென்ஷன் என்பது யாது? அது உடலை என்ன செய்கிறது? அதைத் தாங்கும் வழி என்ன? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

உடலின் எச்சரிக்கை மணி

தெருவில் செல்லும்போது நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்கிறது. அந்தக் கணத்தில் நம் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்ந்து போகிறது. சிறுநீரகங்களின்மீது தொப்பிபோல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலப்பதே இதற்குக் காரணம். எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ வேண்டிய வலிமையை உடல் ஒரே நொடியில் திரட்டுகிறது. அந்நேரத்தில் உணவைச் செரிப்பது முதலிய அவசரமில்லாத வேலைகளை அது ஒத்திவைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார்.

இது இறைவன் நமக்குத் தந்த பாதுகாப்பு. மேடையேறிப் பேசும்முன் வரும் சிறு படபடப்பும், தேர்வுக்கு முந்தைய நாள் வரும் சுறுசுறுப்பும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆகவே, அழுத்தம் முழுவதும் தீயது என்று கொள்ளவேண்டியதில்லை.

ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? நாய் போய்விட்டால் படபடப்பு அடங்கிவிடும். "மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும்?" என்ற அச்சமோ மாதக்கணக்கில் நம்மைத் துரத்துகிறது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936-ஆம் ஆண்டில் இதன் விளைவை எடுத்துக்காட்டினார். குளிர், ஓயாத உழைப்பு, நச்சுப் பொருள் என எந்தத் துன்பத்துக்கு எலிகளை உட்படுத்தினாலும், அவற்றின் உடலில் ஒரேவிதமான மாறுதல்கள் தோன்றுவதை அவர் கண்டார். முதலில் உடல் திடுக்கிடுகிறது. பின்னர் எதிர்த்து நிற்கிறது. துன்பம் நீங்காவிடில் இறுதியில் சோர்ந்து விழுகிறது என்று அவர் மூன்று நிலைகளாக வகுத்தார்.

புண்ணும் ஆற மறுக்கிறது

இது எலிகளோடு முடிந்த செய்தியன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மாணவர் 11 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 1998-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுடைய மேல் அண்ணத்தில் கோடை விடுமுறையின்போது ஒருமுறையும், தேர்வுக்கு மூன்று நாட்களுக்கு முன் மற்றொரு முறையும் ஒரே அளவிலான சிறு புண் ஏற்படுத்தப்பட்டது. தேர்வுக் காலத்துப் புண் ஆறுவதற்குச் சராசரியாக 40 விழுக்காடு கூடுதல் நாட்கள் பிடித்தன. பதினொருவரில் ஒருவர்கூட இதற்கு விலக்கில்லை.

இதேபோல் இங்கிலாந்தில் நலமாயிருந்த 394 பேரின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டுகளாக விட்டு ஆராய்ந்தனர். மன அழுத்தம் மிகுந்தவர்களுக்கே சளி அதிகமாகப் பிடித்தது என்று 1991-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. அழுத்தம் நீடிக்கும்போது கார்ட்டிசால் என்னும் மற்றோர் அட்ரினல் சுரப்புநீர் இரத்தத்தில் தொடர்ந்து மிகுகிறது. அது நோயெதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்திவிடுகிறது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் போவதில் இதற்குப் பங்கு உண்டு. மாணவியருக்குத் தலைவலி, வயிற்றுவலி, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை தோன்றுகின்றன; மாதவிடாய் நாட்கள் தள்ளிப்போவதும் உண்டு.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தேர்வு நாளில் மகள் "வயிறு வலிக்கிறது" என்றால் அது பாசாங்கு என்று தள்ளிவிடாதீர்கள். வலி மெய்யான வலிதான். அதே வேளையில், எல்லா நோய்க்கும் கவலைதான் காரணம் என்று எண்ணி மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதும் தவறு. வயிற்றுப்புண் கவலையால் வருவது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு ஒரு கிருமியும் சிலவகை வலிமாத்திரைகளுமே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

கண்மாய் தரும் பாடம்

இனி, தாங்கும் வழியைக் காண்போம். மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் மாணவியர் அனைவரும் கண்மாயை அறிவர். நகரத்தில் வாழ்வோரும் வண்டியூர்க் கண்மாயையும் மாடக்குளம் கண்மாயையும் பார்த்திருப்பர். கண்மாய்க்கு நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். தேங்கிய நீரை வயலுக்குப் பாய்ச்சுவது மடை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொள்ளளவுக்கு மேல் நீர் பெருகும்போது, கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து கரையைக் காக்கிறது. மடையும் கலுங்கும் அடைபட்ட கண்மாய், எவ்வளவு உறுதியான கரையைக் கொண்டிருந்தாலும் ஒருநாள் உடைந்தே தீரும். மனமும் அப்படித்தான்.

ரிச்சர்டு லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்னும் உளவியல் அறிஞர்கள் 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அழுத்தத்தைச் சமாளிக்கும் முறைகளை இரண்டாகப் பிரித்தனர். சிக்கலையே நேரில் தீர்க்க முயல்வது ஒன்று. சிக்கலால் எழும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. முன்னது மடை, பின்னது கலுங்கு.

கணக்குப் பாடம் அச்சுறுத்துகிறதா? எந்தப் பகுதி விளங்கவில்லை என்று தாளில் எழுதிப் பாருங்கள். நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆசிரியையிடம் கேளுங்கள். மலைபோல் நின்ற பாடம் பத்துச் சிறு கற்களாகிவிடும். இது மடையைத் திறப்பது; தேங்கிய நீர் வயலுக்குப் பயன்படுகிறது.

ஆனால், எல்லாச் சிக்கலும் நம் கையில் இல்லை. எழுதி முடித்த தேர்வை மாற்ற முடியாது. பாட்டியின் நோயை நாம் நீக்க முடியாது. அங்கே கலுங்கு வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவது, ஆலயத்தில் சிறிதுநேரம் அமைதியாக அமர்வது, மாலையில் ஓடியாடி விளையாடுவது, பாடுவது, வாய்விட்டு அழுவது ஆகிய யாவும் மறுகால்களே. மாலையில் வாசற்படியில் அமர்ந்து மல்லிகை தொடுத்தபடி பக்கத்து வீட்டாரோடு பேசும் நம் தாய்மார்கள் வீண்பொழுது போக்குவதாக எண்ணவேண்டாம். பகல் முழுதும் சேர்ந்த சுமையை அவர்கள் அங்கே இறக்கிவைக்கிறார்கள்.

பேச இயலாதவர்கள் எழுதலாம். 1986-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் சிலர் தம் மனத்தை வருத்திய நிகழ்ச்சிகளைப்பற்றி நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினர். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது. மூச்சைச் சீராக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுவதும் நல்ல பழக்கம். இதயத்துடிப்பை அது தணிக்கிறது. வினாத்தாளைக் கையில் வாங்கும்முன் ஐந்தாறு முறை இவ்வாறு செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு முழுதும் கண்விழித்துப் படிக்காதீர்கள். படித்தவை நினைவில் பதிவதற்கு உறக்கம் இன்றியமையாதது.

வரத்துக்கால் யார் கையில்?

மடையும் கலுங்கும் மாணவியின் பொறுப்பு எனலாம். ஆனால், வரத்துக்காலில் எவ்வளவு வெள்ளத்தை விடுவது என்பது பெரியவர்கள் கையில் இருக்கிறது. இதற்கு நம் மாநிலமே சான்று.

முன்பெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றாலும் ஓராண்டு வீண். உடன்படித்தவர்கள் கல்லூரிக்குச் செல்ல, தோற்றவர் வீட்டில் இருக்கவேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், இளம்பிள்ளைகள் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் நாளிதழ்களில் வந்து நெஞ்சைப் பிளந்தன. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தோற்றவர்க்கு உடனே மறுவாய்ப்புத் தரவேண்டும் என்று வலியுறுத்தியது. 2000-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் தமிழக அரசு துணைத்தேர்வு முறையைக் கொண்டுவந்தது. ஓரிரு மாதங்களிலேயே மீண்டும் எழுதித் தேறி, அவ்வாண்டே கல்லூரியில் சேர வழி பிறந்தது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் 2017-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பாடமும் மாறவில்லை, பிள்ளைகளும் மாறவில்லை. சுமை வரும் வழி மட்டுமே சற்றுக் குறுக்கப்பட்டது.

அரசு செய்த இதனை ஒவ்வொரு வீடும் செய்யலாமே! "பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்" என்ற ஒப்பீட்டை விட்டுவிடலாம். தேர்வு முடிவு வரும் நாளில் "எவ்வளவு?" என்று கேட்கும்முன் "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்கலாம். முடிவு எதுவாயினும் இந்த வீட்டில் உனக்குள்ள இடம் மாறாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

தயங்காமல் உதவி நாடுங்கள்

இரண்டு வாரங்களுக்குமேல் உறக்கமும் பசியும் கெட்டு, விருப்பமான செயல்களிலும் மனம் செல்லாமல், வாழ்வே வெறுமையாகத் தோன்றினால் அது சோம்பலும் அன்று, பலவீனமும் அன்று. சிகிச்சையால் தீரக்கூடிய நோய். கால் முறிந்தால் மருத்துவமனைக்குப் போக வெட்கப்படுகிறோமா? மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இம்மாநகரில் மனநலப் பணி ஆற்றிவருகிறது. 104 என்ற எண்ணிலும், 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

மாணவியரே, தோழி ஒருத்தி "இனி நான் இருந்து என்ன பயன்?" என்று சொன்னால், அதை யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் உடனிருந்து, அன்றே ஓர் அருட்சகோதரியிடமோ ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ கூறுங்கள். அது காட்டிக்கொடுப்பதாகாது, கரை உடையுமுன் ஊரை எழுப்புவதாகும்.

கண்மாய் நிறைவது ஊருக்கு நன்மை. கரை உடைவது ஊருக்கே கேடு. ஆகவே நாம் அனைவரும் நம் மனத்தின் மடையையும் கலுங்கையும் தூர்ந்துவிடாமல் காப்போம்; அடுத்தவர் மனத்தில் அளவுக்குமேல் சுமை ஏற்றாதிருப்போம். அப்போது உடல் என்னும் சுவர் உறுதியாக நிற்கும். அதில் நாம் விரும்பிய சித்திரத்தை எழுதலாம்.