உடம்பும் மனசும் – 6: பத்து வாக்கியத் தராசு

கண்ணாடி முன் நின்று தன்னிடமே குறை தேடுபவர்களைப் போன வாரம் பார்த்தோம். உளவியலும் வெகுகாலம் அதைத்தான் தேடியது. உடம்பின் மீதான வெறுப்பை அளக்கக் கேள்வித்தாள்கள் ஏராளம். வெறுப்பு இல்லை என்பதாலேயே மதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? நிறத்தைப் பற்றிக் கவலையே படாத ஒருத்தி, இடுப்பு வலியை வருஷக்கணக்கில் சட்டை செய்யாமல் நாற்று நட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த மதிப்பை அளப்பதற்கென்றே 2005-இல் அமெரிக்காவில் அவலோஸ், டில்கா, வுட்-பார்காலோ மூவரும் 13 வாக்கியங்களை எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை 1 முதல் 5 மதிப்பெண். அதில் ஒரு வாக்கியம் ஊடகங்களில் வரும் ஒல்லிப் பெண்களின் படங்களைப் பற்றியது. ஆண்களுக்கான தாளில் ஒல்லிப் பெண் போய்க் கட்டுமஸ்தான ஆண் வந்தான். இதை மேலூர்ப் பக்கம் எடுத்துப்போனால் என்ன ஆகும்? கல்யாணத்துக்கு நிற்கும் பேத்தியிடம், "ஏன்டி இப்படி எலும்பும் தோலுமா இருக்க, நல்லாத் தின்னு" என்று சொல்லும் அப்பத்தாக்கள் இருக்கிற ஊர் அது. மலேசியப் பெண்களிடம் கேட்டபோதே சிக்கல் தெரிந்துவிட்டது. ஒரே பண்பை அளக்க வேண்டிய தாள் அங்கே இரண்டாகப் பிரிந்தது. 2008-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 2015-இல் டில்காவும் வுட்-பார்காலோவும் அந்த ஒல்லிப் பெண் வாக்கியத்தை எடுத்துவிட்டு, வேறு பலவற்றையும் மாற்றி, ஆண் பெண் இருவருக்கும் பொதுவாகப் பத்து வாக்கியங்களாக்கினார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கிலோ மல்லிகை எந்தக் கடைத் தராசில் வைத்தாலும் ஒரு கிலோ காட்ட வேண்டும். காட்டினால்தான் கடைக்குக் கடை விலையை ஒப்பிட முடியும். கேள்வித்தாளுக்கும் அந்தச் சோதனை உண்டு. விரன் சுவாமியின் தலைமையில் பெரிய குழு ஒன்று 2020 முதல் 2022 வரை 65 நாடுகளில், 40 மொழிகளில், 56,968 பேரிடம் இந்தப் பத்து வாக்கியங்களைக் கேட்டது. நாடு, மொழி, பாலினம், வயது எதை மாற்றினாலும் தராசு பிசகவில்லை.

மால்டா முதலிடம். ஆஸ்திரேலியா கடைசி. அதற்கு முந்தைய இடம் இந்தியா.

அமெரிக்கப் பண்பாட்டிலிருந்து விலகிய நாடுகளில் உடம்பின் மீதான மதிப்பு பொதுவாகக் கூடுதல் என்றது அதே ஆய்வு. நாம் விலகித்தான் இருக்கிறோம், ஆனாலும் அடிமட்டம். ஹாலிவுட்டின் மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. 'ஃபேர் அண்ட் லவ்லி' இங்கே விற்பனைக்கு வந்தது 1975-இல், தனியார் சேனல்கள் வருவதற்கு வெகுமுன்பே. பெயரிலிருந்து 'ஃபேர்' போக 2020 ஆயிற்று. மரகதவல்லி என்று மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் 'சிவப்பான பெண் தேவை' என்று தரகரிடம் சொல்கிறோம்.

மணமானவர்களைவிடத் தனியாக இருப்பவர்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் மதிப்பெண் கூடுதல் என்பதும் ஆய்வின் முடிவு. ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது என்பதற்கு மேல் இதில் காரணம் எதையும் படிக்கக் கூடாது. பெண் பார்க்கும் படலத்தைத் தாண்டி வந்த எவரும் படித்துவிடுவார்கள், அது வேறு.

பாலினங்களுக்கிடையே வித்தியாசம் மிகச் சிறியதுதான். வழுக்கையும் தொப்பையும் உயரக் குறைவும் ஆண்களையும் அரிக்கின்றன. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஆய்வில் பங்கேற்கப் பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே உடம்பைப் பற்றிய முடிவைப் பிறர் எடுத்துவிட்டால்? 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு அதைத் தொட்டது. தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றிய வழக்கு. இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்ற தீர்ப்பு, அதோடு நிற்கவில்லை. இடைப்பாலினக் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதித்து அரசாணை பிறப்பிக்கச் சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே ஆணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இந்தியாவில் அப்படி ஆணையிட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு.

(தொடரும்)